ருக்கியா தண்ணீர் சுடவைத்த பின்னேரம்

பெயர்: ஸித்தி ருக்கியா. வயது: ஐம்பத்தெட்டு. குடும்பத் தலைவருக்கு உறவு: மனைவி. தொழில்: இல்லை. விசேட பயிற்சி அல்லது திறன்: இல்லை. தங்கி வாழ்பவரா: ஆம். அவசரநிலையில் பிறர் உதவி தேவைப்படுமா: ஆம்.

2020 ஒக்டோபர் கடைசியில் கொரோனாவுக்காகக் கொட்டாஞ்சேனையைப் பூட்டியபோது, கிராம சேவகர் வீடு வீடாக வந்து நிரப்பிய படிவம் இது. கொழும்பு பதின்மூன்று என்னும் இந்த நகரப் பகுதியில் கிராமம் ஒழிந்து எத்தனையோ காலம். சேவகர் மட்டும் மிஞ்சியிருக்கிறார். அவர் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக் கதவுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டார். ஸஹாப்தீன் கதவுக்கு உள்ளே ஒரு மீட்டர் தள்ளி நின்று பதில் சொன்னார். ருக்கியா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்; அவளிடம் யாரும் கேட்கவில்லை. படிவத்தின் முதல் மூன்று விவரங்கள் சரி. மற்ற நான்கும் பிழை.

கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் பெண் மௌத்தானால் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற அழைக்கப்படுபவள் ருக்கியா. இருபத்தேழு வருடமாக அதுதான் அவள் வேலை. சம்பளம் வாங்குவதில்லை என்பதால் அது தொழிலும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை என்பதால் பயிற்சியும் இல்லை. அவசரநிலையில் அவளுக்கு யாரும் உதவியதில்லை. மற்றவர்களுடைய அவசரநிலை எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்கு டெலிபோன் வரும்.

"ஏன் ஒண்டும் இல்லன்னு எழுதச் சொன்னீங்க?" என்று அன்று மத்தியானம் சோறு வைக்கும்போது கேட்டாள்.

"பின்ன என்னத்தச் சொல்ற? மய்யித்துக் குளிப்பாட்டுற பொஞ்சாதின்னு சொன்னா, இந்த நேரத்துல அந்த மனுசன் படியால உருண்டே போயிருப்பான்" என்றார் ஸஹாப்தீன்.

ஸஹாப்தீன் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். கட்டளைச் சட்டம், வர்த்தமானி, சத்தியக்கடதாசி என்ற சொற்களை மற்றவர்கள் பழங்களின் பெயரைச் சொல்வதுபோல ருசித்துச் சொல்வார். உலகத்தில் நடக்கும் எல்லா அநியாயத்துக்கும் மேல்முறையீடு உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்துக்குள் இருந்துவிட்டு வந்த ஒருவருக்கு இந்த நம்பிக்கை எப்படி மிஞ்சியது என்பது விளங்காத விஷயம்.

அவருக்கும் ருக்கியாவுக்கும் இடையில் பழைய வாய்மொழி ஒப்பந்தம் ஒன்று இருந்தது. கணவனை மனைவி குளிப்பாட்டலாம். மார்க்கத்தில் தடை இல்லை. அதைத் தெரிந்துகொண்ட நாளில் அவர் சொன்னார்: "நான் முந்திப் போனா நீதான் குளிப்பாட்டணும். பள்ளி ஆக்கள் கை வெக்கப்படாது. எனக்குக் கூச்சம்."

"மௌத்தாப் போனவங்களுக்கு என்ன கூச்சம்?"

"நீ மௌத்தாகிப் பாத்தியா? எனக்கு ஈக்கும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் சிரித்துத்தான் பேசினார்கள். ஆனால் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஆண் ஒருவருக்கான மூன்று வெள்ளைத் துண்டுகள் அளவாக வெட்டி மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவருடைய உயரத்துக்கு.

அந்த வருடம் ஏப்ரலிலேயே அரசாங்க வர்த்தமானி வந்துவிட்டது. கொரோனாவில் இறந்த எவரையும் எரிக்க வேண்டும். புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும். வேறு எந்த நாட்டிலும் கெடாத நிலத்தடி நீர் இலங்கையில் மட்டும் எப்படிக் கெடும் என்று படித்தவர்கள் கேட்டார்கள். படித்தவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லாதபடியால் எரித்தல் தொடர்ந்தது. குளிப்பு இல்லை, கபன் இல்லை, முன்னால் வைத்துத் தொழ ஜனாஸா உடலும் இல்லை. பை ஒன்று, பெட்டி ஒன்று, நெருப்பு.

கொட்டாஞ்சேனை முழுவதும் அரிசியும் பருப்பும் நெத்தலிக் கருவாடும் சேர்த்தது. கல்கிசையில் குடியிருந்த மகள் பஸ்லா வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினாள். கொத்தமல்லி, இஞ்சி, பெனடோல், வெப்பமானி, ஆவி பிடிக்க வேப்பிலை, சவுக்காரம் பத்து. கடைசி வரியில், கவலை வந்தால் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. ருக்கியா மூச்சுப் பயிற்சியைத் தவிர மற்றதெல்லாம் செய்தாள். ஸஹாப்தீன் தன் பங்குக்குப் பத்திரிகையை ஒரு நாள் முழுவதும் பல்கனியில் வெயிலில் போட்டு, மறுநாள்தான் படித்தார். இதனால் நாட்டின் நோயாளர் எண்ணிக்கை அவருக்கு எப்போதும் ஒரு நாள் குறைவாகவே தெரிந்தது. தொடர்மாடியிலேயே ஓரளவு நிம்மதியாக இருந்த மனிதர் அவர்தான்.

நவம்பரில் ஒரு நாள் பக்கத்துத் தொடர்மாடியில் தனியாக இருந்த ஹப்ஸா டெலிபோன் எடுத்தாள். எழுபது கடந்த விதவை. அவளுடைய தாயையும் தங்கையையும் ருக்கியாதான் குளிப்பாட்டினாள்.

"ருக்கியா, எனக்கொரு உதவி செய்வியா? என்னய இப்பவே குளிப்பாட்டி வெச்சிரு."

"என்ன பேச்சு ராத்தா இது?"

"பையில போட்டுச் சுருட்டிட்டுப் போறாங்களாமே. போற நேரம் சரி சுத்தமாப் போவமே."

"உசிரோட ஈக்கிற ஆளக் குளிப்பாட்டினா அது வெறும் குளிப்பு. மய்யித்துக் கணக்குல சேராது. மார்க்கத்துல அப்பிடி ஒண்டும் இல்ல. போய் சவுக்காரம் போட்டு நீங்களே குளிங்க."

ஹப்ஸா சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் ஈக்கும்" என்று வைத்துவிட்டாள். சட்டத்தைச் சரியாகச் சொன்ன திருப்தி ருக்கியாவுக்கு அன்று பின்னேரம் வரைக்கும் இருந்தது.

நவம்பர் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, ஸஹாப்தீனுக்குக் காய்ச்சல் வந்தது.

நூற்றொன்று. ருக்கியா வெப்பமானியை உதறி மறுபடியும் வைத்துப் பார்த்தாள். நூற்றொன்று.

"இது சாதாரண காச்சல்" என்றார் அவர்.

"ஓ, சாதாரணம்தான்" என்றாள் அவள்.

இருவரும் பொய் சொன்னார்கள். அதில் இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அறிவித்தால் கொண்டுபோவார்கள். கொண்டுபோய், ஏதாவது ஆனால், எரிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்போமா என்று மற்ற வீடுகளில் பயந்தார்கள். இந்த வீட்டில் பயம் ஒரு படி தள்ளி நின்றது. பிழைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதுதான் இங்கே பயம். அதனால் யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவானது. முடிவை யார் எடுத்தது என்று பிறகு கேட்டால் சொல்லத் தெரியாத வகையான முடிவு அது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, எரிப்பதற்கு எதிராகப் போடப்பட்டிருந்த மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காரணம் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் ஸஹாப்தீன் செய்தியை ஒரு நாள் தள்ளிப் போடாமல் உடனே கேட்டார்.

"காரணம் சொல்லாட்டி எதுக்கு எதிரா அப்பீல் போடுற?" என்றார். அதற்குப் பிறகு அவர் சட்டம் பேசவில்லை.

இருமல் புதன்கிழமை தொடங்கியது. தொடர்மாடியின் சுவர்கள் மெல்லியவை. மேல் மாடியில் கரண்டி விழுந்தால் கீழ் மாடியில் குனிந்து தேடுவார்கள். அவர் இரும ஆரம்பித்ததும் ருக்கியா ஓடிப்போய் கிரைண்டரைப் போட்டாள். இருமல் நிற்கும்வரை அரைத்தாள். மிளகாய் முடிந்து, மல்லி முடிந்து, அரிசி முடிந்து, கடைசியில் வெறும் கிரைண்டர் ஓடியது. இரண்டு நாளில் ஒரு கல்யாணத்துக்குப் போதுமான தூள் சேர்ந்துவிட்டது.

எதிர்வீட்டு ரெனால்ட் துறைமுகக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கத் தமிழர். தன் கதவிடுக்கில் நின்று கேட்டார்: "என்ன ராத்தா, ஊர் பூட்டிக்கிடக்கு, உங்கட வீட்டில மட்டும் பெருநாளா? ஆருக்கு இவ்வளவு அரைக்கிறீங்க?"

"சும்மா கெடந்தா பழுதாப் போயிருமே, அதான் அரச்சி வெச்சிக்கிறன்."

"எங்களுக்கும் கொஞ்சம் தாங்க. இவ வைக்கிற கறி வைரசுக்கே பிடிக்காது."

ருக்கியா ஒரு போத்தல் மிளகாய்த் தூளைக் கதவடியில் வைத்துவிட்டு விலகினாள். அவர் அதை வாசனை பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார்.

வியாழக்கிழமை பீ.எச்.ஐ. வருவதாகக் கீழ் மாடியில் இருந்து செய்தி வந்தது. சுகாதாரப் பரிசோதகர், காய்ச்சல் பார்க்கிறார், ஆட்களை எழுதுகிறார். ஸஹாப்தீன் எழுந்தார். நான்கு நாள் தாடியை மழித்தார். நீதிமன்றத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டு, பையில் பேனை குத்தினார். முகத்தையும் நெற்றியையும் ஐஸ் தண்ணீர்த் துணியால் ருக்கியா மூன்று தரம் ஒற்றினாள். கதவுக்கு முன்னால் கதிரை போட்டு அமர்ந்தார். சிங்களத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சுத்தமான கந்தோர்ச் சிங்களத்தில் பதில் சொன்னார். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. ருசி, மணம் உண்டு. நெற்றிக்கு நேரே பிடித்த கருவியும் ஐஸை நம்பி, எல்லாம் சரி என்றது. பதினொரு நிமிடம் அவர் இருமவில்லை. முப்பத்தைந்து வருடம் நீதவான்களுக்கு முன்னால் கொட்டாவியை அடக்கியவருக்குப் பதினொரு நிமிடம் பெரிதல்ல.

அந்த இளம் பரிசோதகர், "பொஹொம ஸ்துதி, மஹத்தயா" என்று நன்றி சொல்லி, அறிகுறி இல்லை என்று எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

கதவைச் சாத்திய பிறகு ஸஹாப்தீன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியதை மறைக்கக் கிரைண்டருக்கும் சக்தி போதவில்லை. ஆனாலும் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். ருக்கியா அன்று கோழி ஆணம் வைத்தாள். அவர் இரண்டு கரண்டி குடித்தார். "கேஸ் வெண்டாச்சி" என்றார்.

அந்த வியாழக்கிழமை உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று நாள் முந்தியே ஒக்சிசன் கிடைத்திருக்கும். இதை ருக்கியாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் ஆறு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே தெரிந்துகொண்டாள்.

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கக் கையை நீட்டினார். நகங்களைக் கண்டாள். இருபத்தேழு வருடம் நகங்களைக் கழுவியவள் அவள். ஒவ்வொரு விரலாக, வலது கையில் இருந்து தொடங்கி. அந்த நிறம் அவளுக்கு நன்றாகத் தெரியும். உயிரோடு இருக்கும் ஒருவரில் அதை அன்றுதான் முதல் தரம் கண்டாள்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நேரே போய் ரெனால்டின் கதவைத் தட்டினாள்.

"விரல்ல மாட்டுற அந்தச் சாமான் ஒங்கள்ட்ட ஈக்கி தானே?"

ரெனால்ட் உள்ளே போய் ஒக்சிமீட்டரைக் கொண்டுவந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் தரையில் வைத்தார். "நான் புதன்கிழமையே நினைச்சனான், ராத்தா" என்றார். "கிரைண்டர் சத்தத்துக்கு ஒரு தாளம் இருக்கு. நீங்க போட்டதில அது இல்ல."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"சொல்லி? எங்கட ஆக்களையும்தான் எரிக்கினம். அந்தோனியார் மட்டும் என்ன செய்தவர்?" ஒக்சிமீட்டரைக் காட்டி, "தொண்ணூறுக்குக் கீழ போகப்படாது" என்றார்.

எழுபத்தொன்பது.

கட்டில் ஓரத்தில் இருந்து அவளும் அவரும் அந்தச் சிவப்பு இலக்கத்தைப் பார்த்தார்கள். அது எழுபத்தெட்டாகி, மறுபடி எழுபத்தொன்பதாயிற்று.

"டெலிபோன் எடுக்கவா?" என்றாள்.

அவர் மூச்சு எடுத்து எடுத்துப் பேசினார். "வீட்டுல மௌத்தானாலும்... டெஸ்ட் எடுப்பாங்க. டெஸ்ட்ல வந்தா... எரிப்பாங்க. ஆஸ்பத்திரில மௌத்தானாலும்... அதுதான். ரெண்டு பக்கமும் தோத்த கேஸ்."

"அப்ப?"

"அங்க போனா... மூச்சு சரி லேசா ஈக்கும்."

அவர் வாழ்க்கையில் முதல் தரம் மேல்முறையீடு கேட்காமல் ஒரு தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். ருக்கியா ஆம்புலன்ஸுக்கு டெலிபோன் எடுத்தாள். பெயர், விலாசம், வயது, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார்கள். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னாள். பல இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது, பின்னேரம் ஆகும் என்றார்கள். பஸ்லாவுக்கு எடுத்தாள்.

"உம்மா, ஏன் எனக்கிட்ட மறச்சீங்க? ஏன் உம்மா?"

"மறச்சது பிழதான். இப்ப அழாத. துஆ செய்."

"வாப்பாவுக்கிட்டக் குடுங்க."

ஸஹாப்தீன் டெலிபோனை வாங்கி, "மூச்சுப் பயிற்சி... செஞ்சிக்கிட்டு ஈக்கிறன் மகள்" என்றார்.

டெலிபோனை வாங்கி வைத்துவிட்டு, ருக்கியா குசினிக்குப் போய் பெரிய சட்டியில் தண்ணீர் சுடவைத்தாள். பிறகு அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். இலந்தை இலைத் தூள் இருந்த போத்தலை எடுத்தாள். கற்பூரத்தை எடுத்தாள். வெள்ளைத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அவற்றைத் தொடவில்லை. அவற்றோடு அவரை அந்த வாகனத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

குளியலறையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு, அவரைத் தாங்கிக்கொண்டு போய் அமர்த்தினாள். இடுப்புக்குச் சாரத்தைப் போர்த்தினாள்.

"காச்சலோட குளிச்சா... கூடும்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு ஊத்தையாப் போகவா?"

முதல் தண்ணீர் இலந்தைத் தூள் கரைத்த தண்ணீர். தலையில் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அது என்ன மணம் என்று அவருக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் அந்த மணத்தோடுதான் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரு நாளும் அவர் மூக்கைச் சுளித்ததில்லை.

"ருக்கியா."

"என்ன?"

"உசிரோட ஈக்கிற ஆளுக்கு... இதுக்குச் சட்டம் ஈக்கா?"

"இல்ல."

"அப்ப?"

"கையத் தூக்குங்க."

அவர் இடது கையைத் தூக்கினார். பிறகு தானாகவே அதைத் தாழ்த்தினார்.

"வலதுல... இருந்து தொடங்கு" என்றார். "பிழையாச் செஞ்சா... ஒனக்குத்தான் பேர் கெடும்."

அவள் வலது கையில் இருந்து தொடங்கினாள். விரல் விரலாக, நகம் நகமாக. விலாவில் கை பட்டபோது அவர் கூசினார். சிரிப்பதற்கு மூச்சு இல்லாதபடியால் தோள் மட்டும் குலுங்கியது. இரண்டாம் தண்ணீர் வெறும் தண்ணீர். மூன்றாவதில் கற்பூரம். எதற்காகக் குளிப்பாட்டுகிறேன் என்று மனதில் வைக்கும் நீயத்தை அவள் வைக்கவில்லை. எந்த நீயத்தை வைப்பது என்றும் தெரியவில்லை. ஹப்ஸாவுக்குத் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியானது என்பது அப்போதும் அவளுக்குத் தெரியும்.

மூன்றரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நீல அங்கி போட்ட இருவர், முகம் தெரியாமல், மேலே வந்தார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சி, முகக்கவசத்துக்குள்ளாலேயே, "கற்பூரமா?" என்று சிங்களத்தில் கேட்டார். "தடிமனுக்கு ஆவி பிடிச்சது" என்றாள் ருக்கியா. ரெனால்ட் தன் கதவிடுக்கில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். இது யாருக்குப் பொருத்தம், யாருக்குப் பொருத்தமில்லை என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

ஸஹாப்தீன் பத்தாம் தேதி வியாழக்கிழமை மௌத்தானார். இரண்டு நாள் கழித்து எரித்தார்கள். மருமகன் மயானத்தில் தூரத்தில் நின்று பெட்டியைப் பார்த்தார். உள்ளே இருப்பது மாமாதான் என்று கையொப்பம் இடச் சொன்னார்கள், இட்டார். சாம்பல் வேண்டுமா என்று ஒரு டெலிபோன் வந்தது. ருக்கியா வேண்டாம் என்றாள். சாம்பலைக் குளிப்பாட்டுவதற்கும் அவளிடம் சட்டம் இல்லை. அவளுக்கு எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது; ஐந்து நாள் அவர் இருமிய அறையில் படுத்தவளுக்கு. பதினான்கு நாள் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது.

எரிப்பதை எதிர்த்துப் பொரளை மயான வேலியில் எல்லோரும் வெள்ளைத் துணி கட்டுகிறார்கள், வாப்பாவின் துண்டில் ஒரு கீற்றுத் தாருங்கள் என்று பஸ்லா கேட்டாள். "அது கட்டுறதுக்கு வெட்டின துணி இல்ல மகள்" என்றாள் ருக்கியா. மூன்று துண்டுகளும் அலுமாரியிலேயே இருந்தன.

ஜனவரியில் கிராம சேவகர் மறுபடி வந்தார். படிவத்தைத் திருத்த வேண்டும். குடும்பத் தலைவரின் பெயரை வெட்டினார். மனைவி என்பதை வெட்டி, விதவை என்று எழுதினார். தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தி, முன்பு எழுதியதே இருக்கட்டுமா என்று கேட்டார். இந்தத் தடவை பதில் சொல்ல அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. இருக்கட்டும் என்றாள்.

அவர் படியிறங்கிப் போன பிறகு அவள் ஹப்ஸாவின் வீட்டுக்குப் போனாள். தண்ணீர் சுடவைத்து, அவளைக் கதிரையில் அமர்த்தி, வலது கையில் இருந்து தொடங்கி மூன்று தரம் குளிப்பாட்டிவிட்டு வந்தாள்.